காலையில் இறங்கும் பெடல்: பழைய ஜீப்பின் பிரேக்கில் ஏர் எடுத்த கதை

முதல் மிதிக்கு பிரேக் பெடல் தரைத் தகடு வரைக்கும் போகும். இரண்டாவது மிதிக்குப் பாதியில் நிற்கும். மூன்றாவதில் கெட்டியாகிவிடும். சித்தப்பா இதற்குப் பழகியே போய்விட்டார். ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பதோ மாடு குறுக்கே வருவதோ தூரத்தில் தெரிந்தாலே அவர் வலது கால் தானாக இரண்டு தடவை அடிக்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான்டா இருக்கும்" என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜீப்பை வரைந்தவர்கள் முதல் மிதியில் நிற்கிற மாதிரிதான் வரைந்திருப்பார்கள்.

வண்டி மகிந்திராவின் சி.ஜே.3பி வகை. குட்டை சேஸ், பெட்ரோல் ஹரிகேன் இன்ஜின். வில்லிஸ் ஜீப்பை இங்கே கோக்கும் வேலையை மகிந்திரா 1947-இல் தொடங்கியது. சி.ஜே.3பி அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோனது, இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. எங்கள் வண்டி அரசுத் துறை ஒன்று கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் எங்கள் ஊர். விதைமூட்டை ஏற்ற, களத்துமேட்டுக்குச் சாக்கு கொண்டுபோக, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு வரை போய்த் தண்ணீர் திறந்தாச்சா என்று பார்த்துவர என்று வருஷம் முழுக்க ஏதாவது வேலை இருக்கும்.

பிரேக்கைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட்டால் மீதிக் கதை புரியும். ஒன்று, மிதிக்கும்போது பிரேக் ஆயிலைப் பைப்பில் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இதில் பானெட்டுக்குள் இல்லை. டிரைவர் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில், சேஸில் பிடித்திருக்கிறது. ஆயில் ஊற்ற வேண்டுமானால் தரையில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்ற வேண்டும். அதனால் ஆயில் நிற்கும் மட்டமும் சக்கரத்தில் அந்த ஆயிலை வாங்கிப் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் இருக்கும் மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு, நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர், ஒரே வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன்பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கிற சின்ன டிரம் வழியாக, பின் ஆக்ஸிலைச் சுற்றும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது.

இந்தக் கடைசி விஷயம் வேலை செய்கிறவர்களுக்கு முக்கியம். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிமானம் போய்விடும். ஷாஃப்ட் நின்றாலும் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் குணம் அது. ஆகவே செங்கல்லோ மரக்கட்டையோ மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்காமல் அடியில் தலையை விடக்கூடாது.

எங்கள் வண்டி ஒரு பட்டறையில் பெரிய வேலை முடிந்து வந்திருந்தது. பிரேக்கில் உரசும் பட்டையான லைனிங் புதுசு, மாஸ்டருக்குப் புது ரப்பர் கிட், புது பைப், எல்லாம் போட்டாயிற்று. ஏர் எடுத்தால், அதாவது ஆயில் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றினால், சாயங்காலம் பெடல் பிரமாதமாக இருக்கும். மறுநாள் காலையில் பழைய கதை. திரும்ப ஏர் எடுப்பார்கள், திரும்பக் காலையில் இறங்கும். ஏர் எடுப்பதையே வைத்தியமாக நினைத்துக்கொண்டதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. மூடிய பைப்புக்குள் ராத்திரியில் காற்று எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வண்டியைக் கொட்டகையில் ஏற்றினேன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பெடலைப் படிக்க வேண்டும். இன்ஜின் ஓட வேண்டியதில்லை, மிதிக்குப் பலம் கூட்டும் வேக்குவம் பூஸ்டர் இந்த வண்டியில் கிடையாது. மிதித்துப் பிடித்தபடியே இருந்தால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டருக்குள் பிஸ்டனின் முன்னால் இருக்கும் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது. இரண்டு மூன்று தடவை அடித்ததும் மேலே வந்து, வந்த பிறகும் காலுக்குக் கீழே அமுங்கி அமுங்கி மீள்கிறதா? அது காற்று. மேலே வந்ததும் கெட்டியாக நிற்கிறதா? அப்போது சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடையில் இடைவெளி அதிகம். முதல் மிதி ஆயில் முழுக்க ஷூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே செலவாகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த மூன்றுக்குமே "ஏர் லாக்" என்றுதான் பெயர். எடுக்கிற மருந்தும் ஒன்றுதான்.

எங்கள் பெடல் மூன்றாவது வகையைப் போலத்தான் இருந்தது. ஆனால் இடைவெளி மட்டும் காரணமென்றால் சாயங்காலமும் அதே மாதிரி இறங்க வேண்டுமே? அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு முதலில் ஷூவைச் சரிசெய்தோம்.

இந்த வகை 9 அங்குல டிரம்மில் தானாக அட்ஜஸ்ட் ஆகும் சமாசாரம் எதுவும் இல்லை. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட் தகட்டுக்கு வெளியே மேல்பக்கம் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு போல்ட் தலை தெரியும். உள்ளே அவை கோணல் வட்டமான கேம்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒன்றைத் திருப்பினால் ஷூ டிரம்மில் உரசி நிற்கும், அங்கிருந்து சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் திரும்ப விட வேண்டும். பிறகு அடுத்த ஷூ. கீழே ஷூவின் காலைப் பிடித்திருக்கும் ஆங்கர் பின்களும் கோணலாகத்தான் இருக்கும். புது லைனிங் போட்டால் அவற்றையும் அமைக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. எங்கள் வண்டியிலும் தொட்ட அடையாளம் இல்லை. மேல்நுனி டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கக் கீழ்நுனி எட்டாமல் கிடந்தது.

டிரம்மைக் கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது. டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்திருக்கிறார்கள். கடைந்தால் அதன் உள்வட்டம் பெரிதாகும். புது லைனிங்கின் வளைவு பழைய அளவுக்கே இருப்பதால் ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் டிரம்மில் படும். காலை அழுத்த அழுத்த ஷூ வளைந்து கொடுக்கும். அந்த வளைவு காலுக்குப் பஞ்சு போலத் தெரியும், அசல் காற்று இருக்கிற மாதிரியே. எத்தனை லிட்டர் ஆயிலை ஓடவிட்டாலும் இது போகாது. லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்துச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் எங்கே படுகிறது என்று பளிச்சென்று தெரியும். எங்களுக்கு நடுவில் ஒரு பட்டை மட்டும் அழிந்திருந்தது. டிரம்மின் உள்பக்கம் எமரித் தாளை ஒட்டி, ஷூவை அதில் வைத்துத் தேய்த்து, இரு நுனியும் படும் வரைக்கும் கொண்டுவந்தோம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்முக்குள் கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுவது நம் பட்டறைகளில் சகஜம், அதைச் செய்யவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். முகத்துக்குத் துண்டு கட்டினால் போதாது, நல்ல முகக்கவசம் வேண்டும்.

இதற்குப் பிறகு பெடல் கணிசமாக மேலே வந்தது. ஆனாலும் காலையில் இறங்கியது.

ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கச் சிரமமில்லை. தம்பி பெடலைப் பலமாக மிதித்துப் பிடிக்க, நான் ஹோஸைக் கைக்குள் பொத்திப் பார்த்தேன். பழசானது உள்ளங்கையில் உப்புவது தெரியும். பின் ஆக்ஸிலுக்கு இறங்குகிற ஹோஸ் உப்பியது, மாற்றினோம். ஹோஸ் உப்புவதைவிட மோசமானது உள்ளுக்குள் உரிந்து போவது. மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்ப வராது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே நிற்கும், கையை வைத்தால் டிரம் சுடும். எங்களுக்கு அது இல்லை. எந்தச் சக்கரம் கோளாறு என்று பார்க்க ஹோஸை வைஸ் கிரிப்பால் நெரிக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. பழைய ஹோஸை அப்படி நெரித்தால் சோதனையே அதைக் கொன்றுவிடும்.

அடுத்தது பைப். சேஸ் ஓரமாகப் பின்னால் போகும் பைப் தேவைக்கு மேல் நீளம். மிச்சத்தை வெட்டாமல் வட்டமாகச் சுற்றி, அந்த வட்டத்தை நிமிர்த்தி வைத்துக் கட்டியிருந்தார்கள். வட்டத்தின் உச்சி இரண்டு முனைகளையும்விட உயரம், காற்று போய் உட்காரத் தோதான இடம். அதைவிடக் கவலை, பைப் செம்பு. ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கிடைக்கிற செம்புக் குழாயை வளைக்க எளிது என்பதால் பிரேக்குக்குப் போட்டுவிடுகிறார்கள். அதிர அதிரச் செம்பு இறுகும், பிறகு மூட்டில் விரிசல் விடும். ஒற்றை மாஸ்டர் வண்டியில் அந்த விரிசலுக்கு என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக்குக்கென்றே வரும் இரும்புப் பைப்பைத் திருச்சியிலிருந்து வாங்கிவந்து, முனையை இரட்டை மடிப்பாக விரித்துக் கொடுக்கும் கருவி உள்ள இடத்தில் கொடுத்துச் செய்தோம். மேடு பள்ளம் இல்லாமல், மாஸ்டரிலிருந்து பின்னால் போகப் போகத் தாழாமல் படுக்க வைத்தோம்.

பின் இடது வீல் சிலிண்டரின் உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குத் துருக்குழி. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, புதுசு போட்டோம். வாங்கும்போது அளவைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டிக்கு முன்னால் 1 அங்குலம், பின்னால் முக்கால் அங்குலம். கடையில் கையில் கிடைப்பதைக் கொடுப்பார்கள். பின்னால் ஒரு அங்குலத்தைப் போட்டால் வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் அதை நிரப்ப ஆயில் அதிகம் தேவைப்படுவதால் பெடல் தாழ்ந்தே இருக்கும்.

துருக்குழி எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டாட் 3, டாட் 4 என்று வரும் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பெயர்தான் ஆயில், அதில் எண்ணெய் கிடையாது. புது டாட் 3 கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறியதற்கு அது 140 டிகிரி. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். போன வருஷம் திறந்து பாதி வைத்த டப்பாவை எடுத்து இந்த வருஷம் ஊற்றினால் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறோம். வயல்காட்டு வண்டி மெதுவாக ஓடுவதால் கொதிக்கிற நிலை வராது, ஆனால் சிலிண்டர் அரிக்கும்.

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும் எல்லா இடத்திலும் பார்க்கிற காட்சி. பிரேக் கப் ரப்பருக்கு மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், கிரீஸ் எதுவுமே ஆகாது. பட்டால் ஊறி உப்பும். உப்பிய கப் முதல் வாரம் இறுக்கமாகப் பிடிப்பதால் வேலை நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு திரும்ப வராமல் நிற்கும். உலோகத்தை எதில் வேண்டுமானாலும் கழுவலாம், கோக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைத்து, ரப்பரைப் பிரேக் ஆயிலிலேயே நனைத்துப் போட வேண்டும்.

இனி ஏர் எடுத்தல். தூரத்துச் சக்கரம் முதலில்: நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்குப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. காற்றை வெளியேவிட ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் இருக்கும் துளையுள்ள திருகுதான் நிப்பிள், அதன் வாயில் சேறு அடைத்திருக்கும். சேடையடித்த வயலோரம் போய் வந்த வண்டியில் ரப்பர் மூடி இல்லாத நிப்பிள் இருந்தால் கம்பியால் குத்தி எடுத்தால்தான் வழி. டியூபுக்கு மருந்துக்கடையில் விற்கிற குளுக்கோஸ் ஏற்றும் டியூப். கண்ணாடியாக உள்ளே தெரியும், குமிழி போவதைப் பார்க்கலாம். சில நாளில் விறைத்துப்போகும், அதனால் என்ன. மறுமுனை பாட்டிலில், கொஞ்சம் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும்.

மிதிக்கிறவருக்கும் நிப்பிள் திறக்கிறவருக்கும் பேச்சு ஒத்துப்போக வேண்டும். "அமுக்கு" என்றால் மெதுவாக அமுக்கி அப்படியே பிடிக்க வேண்டும், நான் நிப்பிளைத் திறந்து மூடி "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். நம் ஆட்கள் கொடகொடவென்று பத்து தடவை அடிப்பார்கள். அப்படி அடித்தால் பெரிய குமிழி உடைந்து பொடிக்குமிழியாகி ஆயிலோடு கலந்துவிடும், வெளியே வர நேரமாகும். இன்னொன்று, பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிடுவது நல்லது. சாதாரண நாளில் மாஸ்டர் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வரும். ஏர் எடுக்கும்போது முழுக்க அமுக்கினால் கப் போகாத இடத்துக்கெல்லாம் போகும். அந்த இடத்தில் துரு இருந்தால் கப்பின் உதடு கிழியும். ஏர் எடுத்த பிறகு மாஸ்டர் கெட்டது என்று புலம்புகிறவர்கள் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது. பாட்டிலில் விழுந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது. வண்டி பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் உரிந்து வரும்.

குமிழி வந்தது, நின்றது. பெடல் சாயங்காலம் அருமை. மறுநாள் காலையில் முதல் மிதி மறுபடி தரைக்குப் போனது.

நாலு சக்கரமும் காய்ந்து கிடக்கிறது, எங்கும் நனைவு இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் மட்டம் ராத்திரி விட்ட இடத்திலேயே. ஆனால் பின் நிப்பிளைத் திறந்தால் சின்னக் குமிழி இரண்டு வருகிறது. ஆயில் வெளியே வரவில்லை, காற்று மட்டும் உள்ளே வருகிறது. இந்த இடத்தில்தான் மன்னார்குடியில் பழைய ஜீப்பும் டிராக்டரும் பார்த்தே முடி நரைத்த பாயிடம் போனேன். அவர் இப்போது பட்டறை வைத்திருக்கவில்லை, வீட்டுத் திண்ணையில்தான் பிடிக்க முடிந்தது.

முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பெடல அமுக்கி விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு நிப்பிளத் தொறந்தீங்கன்னா ஆயிலு சர்ருன்னு ஒரு தெறி தெறிக்குதா, இல்ல சும்மா வடியுதா?"

"பாத்ததில்ல பாய்."

"பாருங்க தம்பி. தெறிக்கலன்னா மாஸ்டருக்குள்ள வால்வு இல்ல. போர்ல ஃபுட் வால்வு இல்லாம மோட்டார் போட்டா என்ன ஆவும்? அதான் இதும்."

வீட்டுக்கு வந்து செய்து பார்த்தோம். தம்பி அமுக்கி விட்டான். சற்றுப் பொறுத்து நிப்பிளைத் திறந்தேன். தெறிப்பு இல்லை. ஓரமாக ஒரு சொட்டு நின்றது, அவ்வளவுதான்.

பாய் சொன்ன வால்வு மாஸ்டர் சிலிண்டரின் அடிக்கோடியில், பைப் வெளியேறும் வாயில் உட்காரும். பித்தளையும் ரப்பருமாக விரல் நுனியளவு இருக்கும், அதற்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர். பிஸ்டனின் ஸ்பிரிங் இந்த வால்வின் மேல்தான் ஊன்றி நிற்கிறது. மிதிக்கும்போது வால்வின் நடுப்பகுதி திறந்து ஆயிலை வெளியே விடும். காலை எடுத்ததும் திரும்பி வரும் ஆயில் வால்வையே தூக்கிக்கொண்டு உள்ளே வரும். ஆனால் முழுக்க வர விடாது. பைப்பில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் மிஞ்சும்போது ஸ்பிரிங் வால்வை வாஷரில் அழுத்தி மூடிவிடும். ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகளை எதிர்க்க அந்த அழுத்தம் போதாது, அதனால் பிரேக் உரசாது. ஆனால் வீல் சிலிண்டர் கப்பின் உதட்டைச் சுவரோடு விரித்துப் பிடித்துவைக்க அது போதும்.

அது இல்லாவிட்டால் காலை வெடுக்கென்று எடுக்கும்போது ஷூ ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், மாஸ்டர் பிஸ்டன் பின்னால் ஓடும், பைப்பில் ஒரு நொடி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். கப்பின் உதடு அழுத்தத்தை ஒரு பக்கமிருந்து தாங்கத்தான் செய்யப்பட்டது. மறுபக்கமிருந்து காற்று தள்ளினால் வழிவிட்டுவிடும். ஆயில் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகும் புதிர் இவ்வளவுதான். பானெட்டுக்குள் மாஸ்டர் உயரத்தில் இருக்கும் வண்டிகளில் ஆயிலின் சொந்த எடையாவது கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும். காலுக்குக் கீழே மாஸ்டர் இருக்கும் ஜீப்பில் அந்த உதவியும் இல்லை. அதனால்தான் வால்வு இல்லாமல் இந்த வண்டி தாங்குவதில்லை.

மாஸ்டரைக் கழற்றினோம். தரைத் தகட்டின் மேல் இருக்கும் மண்ணைச் சுத்தமாகக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் தொட்டோம், இல்லையென்றால் அத்தனையும் ஆயிலுக்குள் போகும். பின்னாலிருந்து பூட் ரப்பர், லாக், வாஷர், பிஸ்டன், கப், ஸ்பிரிங் எல்லாம் வரிசையாக வந்தன. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. வால்வும் இல்லை, அதன் வாஷரும் இல்லை. ஸ்பிரிங் வெறும் இரும்பில் ஊன்றியிருந்தது. கிட்டில் சில சமயம் கப்பும் பூட்டும் மட்டும்தான் வரும். பழைய வால்வைக் கழுவித் திரும்பப் போட வேண்டும் என்பது கோத்தவருக்குத் தெரிந்திருக்காது. டிஸ்க் பிரேக் வண்டிகளிலேயே வேலை பழகியவர்கள் இதைத் தேவையில்லாத அடைப்பு என்று எடுத்துப் போடுவதும் உண்டு. டிஸ்க்குக்கு இந்த அளவு அழுத்தம் மிஞ்சக்கூடாது என்பது சரிதான், பேட் உரசிக்கொண்டே இருக்கும். டிரம்முக்கு அந்த நியாயம் செல்லாது.

வீல் சிலிண்டர்களிலும் இதே மாதிரி ஒரு சில்லறை விடுபட்டிருந்தது. இரண்டு கப்புக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கின் இரு நுனியிலும் கப்பின் உதட்டை விரித்துப் பிடிக்கும் சின்னத் தகட்டு மூடிகள் இருக்க வேண்டும். முன் இரண்டிலும் ஸ்பிரிங் மட்டும் இருந்தது. புது வீல் சிலிண்டரோடு வந்ததைப் பார்த்து அதே அளவில் தேடி வாங்கினோம்.

வால்வு கிடைப்பதுதான் பெரிய பாடு. தஞ்சாவூரில் கேட்டால் "அது கிட்டோட வராதுங்க, மாஸ்டர் முழுசாத்தான் வாங்கணும்" என்றார்கள். கடைசியில் பாயே ஒரு பழைய மாஸ்டரைத் திண்ணை அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் உள்சுவர் கெட்டிருந்தது, வால்வு நன்றாக இருந்தது. வால்வை எடுத்து ஊதிப் பார்த்தோம். ஒரு பக்கம் காற்று போனது, மறுபக்கம் நின்றது. வாஷரை மட்டும் புதிதாகப் போட்டோம்.

கோத்த மாஸ்டரை வைஸில் பிடித்து, வாயிலிருந்து ஒரு துண்டுப் பைப்பை வளைத்து ஆயில் ஊற்றும் அதன் கிண்ணத்துக்குள்ளேயே விட்டு, பிஸ்டனை மரக்குச்சியால் அமுக்கிக் குமிழி நிற்கும் வரை வெளியிலேயே காற்றை எடுத்துவிட்டோம். வண்டியில் மாட்டியபின் மாஸ்டருக்குள் இருக்கும் காற்றை விரட்டுவது நரகம். மாட்டியதும் பெடலில் அரை அங்குலம் சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாது, கிண்ணத்துக்குப் போகும் ஊசித்துளையைக் கப் மூடியே நிற்கும், ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்துவைத்துப் பெடலைத் துளி அமுக்கினால் ஆயிலில் சின்ன ஊற்று கிளம்பும். வந்தது.

சக்கரங்களுக்கு இந்தத் தடவை வேறு முறை. வால்வு இருப்பதால் வீல் பக்கமிருந்து அனுப்பும் ஆயில் அதைத் தூக்கிக்கொண்டுதான் மாஸ்டருக்குள் போக வேண்டும், கொஞ்சம் பலமாகத் தள்ள வேண்டும். கால்நடை மருந்துக்கடையில் வாங்கிய பெரிய ஊசியில் புது ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்றி, நிப்பிளில் டியூபை மாட்டிக் கீழிருந்து மேலே தள்ளினோம். காற்றுக்கு மேலே போவதுதான் சுபாவம், அதை எதிர்த்துக் கீழே விரட்டுவதைவிட இது சுலபம். கிண்ணம் நிரம்பி வழியும், அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கிறதா என்று சம்பிரதாயமாகக் காலால் ஒரு சுற்று. நம் பக்கம் மேடு என்றால் ஆற்றுப்பாலமும் வாய்க்கால் கரையும்தான். பின்சக்கரத்தைக் கரையேற்றத்தில் நிறுத்திப் பின்பக்கம் ஒரு தடவையும், திருப்பி நிறுத்தி முன்பக்கம் ஒரு தடவையும் எடுத்தோம். கடைசியில் ஒரு பொடிக்குமிழி வந்ததோடு சரி.

நிப்பிளைச் சோதித்தோம். அமுக்கி, விட்டு, பொறுத்து, திறந்தால் பாட்டிலுக்குள் சுரீரென்று ஒரு தெறிப்பு.

காலையில் சித்தப்பா ஏறி உட்கார்ந்து வழக்கம்போல இரண்டு அடி அடிக்கப் போனார். முதல் அடியிலேயே பெடல் மேலே நின்றுவிட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எல்லோரையும் போல நெடுநேரம் நின்று, முன்னால் நகர்ந்து, நின்று, நகர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் பிடித்தது. ஈரமான டிரம்மிலும் பார்த்தாயிற்று. வாய்க்காலில் இறங்கி ஏறியதும் பிரேக் கொஞ்ச தூரம் பிடிக்காது, லேசாக மிதித்தபடி ஓட்டினால் சூட்டில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அது எந்த டிரம்முக்கும் உள்ளதுதான்.

வண்டி இன்னும் அவசர மிதியில் இடதுபக்கம் லேசாக இழுக்கிறது. பின் வலது டிரம்மைத் திறந்தபோது லைனிங் ஓரத்தில் ஆக்ஸில் ஆயிலின் கறை தெரிந்தது. அந்தப் பக்கம் பிடிப்பு குறைவதால்தான் இழுப்பு. ஆயில் சீலும் ஒரு ஜோடி லைனிங்கும் சொல்லியிருக்கிறேன். சம்பா நடவு முடிந்து வண்டி ஓய்வாக நிற்கும்போது மாற்ற வேண்டும்.